அச்சாறு விளம்பரத்தில் ஒரு குரல்

— அந்த ஈச்சம்பழப் பெட்டிய அப்பிடியே உள்ளுக்குத் தள்ளிட்டு, நீங்க பின்பக்கம் போய் உக்காருங்க, மஸீனா. கேமராக்காரங்க வந்துட்டா ஒரு மூலையையும் விட மாட்டாங்க.

— பின்பக்கம் எண்டா எங்க, தனபாலன் அண்ணன்? போத்தல் கழுவுற எடத்துலயா?

— ஏன், அங்க நெழலாத்தானே இருக்கு. கொஞ்ச நேரம். தேத்தண்ணி அனுப்பச் சொல்றேன்.

— ஏழு வருசமா இந்தக் குசினியில அச்சாறு போடுறவ நான். இண்டைக்கு மட்டும் போத்தலோட போத்தலா ஈக்கணுமா?

— விளங்காமப் பேசாதீங்க. போத்தல்ல என்னா பேரு போட்டிருக்கு? தனம் அச்சாறு. தனம் யாரு? எங்க அம்மா. அப்ப அடுப்புக்கிட்ட யாரு நிக்கணும்? எங்க வீட்டு ஆளு நிக்கணும். வீட்டுல பாலாம்பிகை பட்டுச் சேலை கட்டிக்கிட்டு இருக்கா. இந்தா வந்துருவா. மாமியாகிட்ட படிச்ச கைப்பக்குவம்னு அவ ரெண்டு வார்த்தை சொல்லுவா, நான் ரெண்டு வார்த்தை சொல்லுவேன், முடிஞ்சுது.

— ஒங்கட உம்மா ஈச்சம்பழத்துல அச்சாறு போட்டாங்களா?

— எங்க அம்மா எலுமிச்சங்கா ஊறுகாதான் போடும். அதெல்லாம் இப்ப யாரு கேக்கப் போறா?

— நான் கேக்குறேன்.

— இந்த நேரத்துலயா கேக்கணும்? இது கட்டுகஸ்தோட்டையிலயும் கம்பளையிலயும் புசல்லாவையிலயும் கடை கடையா நான் தூக்கிக்கிட்டுப் போய்க் குடுத்த சாமான். இப்ப கொழும்பு சூப்பர்மார்க்கட்காரன் நாடு முழுக்கப் போடுறேன்னு சொல்றான். கனடாவுக்கும் கேக்குறாங்களாம். அவன் சொல்றது ஒன்னே ஒன்னுதான். மொதல்ல நல்லா விளம்பரம் செய்யுங்க, சனத்துக்கு ஒங்க பேரு தெரியட்டும், பொறகு வாங்கன்னு சொல்றான். வருசப் பொறப்புக்கு முந்தி வீடியோ வெளிய போகணும். சும்மா சொல்லல, இப்ப விட்டா அவன் வேற அச்சாறுக்குப் போயிருவான்.

— போகட்டும் எண்டு நான் செல்லல்லையே. லேபல்ல கீழ, சின்ன எழுத்துல, "செய்வது மடவளை மஸீனா" எண்டு போடுங்க. வீடியோவில என்ட மொகத்தக் காட்டவும் வேணாம். பேரு மட்டும் ஈந்தாப் போதும்.

— பேரப் போட்டா?

— போட்டா என்ன?

— மறந்துட்டீங்களா? ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு ஒங்க போத்தல் பெட்டி பெட்டியாத் திரும்பி வந்துச்சே. அப்ப போத்தல்ல என்னா பேரு இருந்துச்சு? மஸீனா அச்சாறு. சாப்பாட்டுல மலட்டு மருந்து கலக்குறாங்கன்னு கதை கட்டி விட்டானுங்க. ஒருத்தன் தொடல. நான்தான் அந்த லேபலக் கிழிச்சுப்புட்டு எங்க அம்மா பேர ஒட்டினேன். அதே அச்சாறுதான். வச்ச வேகத்துல வித்துப்போச்சு.

— நான் இல்ல எண்டு செல்லல்ல அண்ணன். அந்த லேபல ஒங்களோட ஒக்காந்து நானும்தான் கிழிச்சேன். அதுக்கு முந்தின வருசம் திகனக் கலவரத்துல எங்கட நானா, என்ட கூடப் பொறந்தவர்ட கடைய எரிச்சி ஈந்தாங்க. நானா அந்தச் சாம்பல்ல நிண்டு தராசுத் தட்டத் தேடுறாரு. அதப் பாத்துட்டு வந்தவளுக்குப் பேரு எதுக்கு? புள்ளைகளுக்குச் சோறு வேணும் எண்டு ஒங்கள்ட்ட வந்தேன். நீங்க தந்தீங்க. அத மறக்க மாட்டேன்.

— அப்ப இன்னிக்கு என்னா திடீர்னு?

— திடீரெண்டு இல்ல. ஊருக்குள்ள வித்த நேரம் எனக்கு ஒரு கொறையும் தெரியல்ல. தனபாலன் கடை அச்சாறு மடவளைப் பொம்புளை போடுறது எண்டு பாதிக் கண்டிக்குத் தெரியும். கலியாண ஊட்டுக்காரங்க என்ட வாசல்லயே வந்து கேப்பாங்க. இப்ப நாடு முழுக்க, கனடா முழுக்க ஒங்கட உம்மாட பேரு போகப் போகுது. வீடியோவும் ஈக்கும், அழியாது. அதுக்குப் பொறகு இது என்ட அச்சாறு எண்டு நான் செல்லப் போனா, பொய் செல்றவ நான்தான். என்ட மகளே நம்ப மாட்டா.

— பொறகு பேசுவோம். வேன் சத்தம் கேக்குது. விளம்பரம் எடுக்கிற பொண்ணு வந்துருச்சு போல. உள்ள போங்க.

— வணக்கம் அங்கிள். பாலத்தடியில சரியான டிரபிக், அதுதான் பிந்திப்போச்சு. பெடியள் வெளியில லைட் இறக்கீனம். ஐயோ, வாசலிலயே மணக்குது.

— வாங்க பிரியாந்தினி, வாங்க. கொழும்புல இருந்து வந்த களைப்பு இருக்கும். இந்தக் கதிரையில உக்காருங்க. பாலாம்பிகை இப்ப வந்துருவா.

— இவா ஆர் அங்கிள்?

— இவங்களா? இவங்க ஒத்தாசைக்கு வர்றவங்க. வெங்காயம் உரிக்க, போத்தல் கழுவ. இப்ப போயிருவாங்க.

— போத்தல் கழுவ ஒரு புள்ள ஈக்கிறா மகள். நான் மஸீனா.

— இருங்கோ அன்ரி, போகாதையுங்கோ. நீங்களும் நிண்டால் நல்லது. அங்கிள், உங்கட மகன் தினுஷன் போன கிழமை போனில எடுத்து ஒரு வீடியோ அனுப்பினவர், பாத்தனீங்களோ?

— மாதிரிக்கு ஒன்னு அனுப்பிட்டேன்னு சொன்னான். பாக்க நேரம் கெடைக்கல. பாலாம்பிகை கிண்டுற மாதிரிதானே?

— ஓம். முகம் இல்லை, கை மட்டும்தான். வளையல் போட்ட கை. தாச்சியில வினாகிரி ஊத்துது, சீனி போடுது, பிறகு ஈச்சம்பழம். நல்ல வடிவா வந்திருக்கு. சும்மா சனம் என்ன சொல்லுது பாப்பம் எண்டு எங்கட கொம்பனியின்ர பேஸ்புக் பக்கத்தில போட்டுவிட்டனான். நாங்கள் காசு குடுத்துப் போடுற விளம்பரத்துக்குக் கூட இவ்வளவு பேர் வாறேல்லை.

— பாத்தீங்களா மஸீனா? நான் சொல்லல?

— பொறுங்கோ அங்கிள். சனம் நிண்டது அச்சாறைப் பாத்து இல்லை. கீழ எழுதியிருக்கிறதை வாசிக்கிறன், கேளுங்கோ. "பின்னுக்குக் கேக்கிற குரல் யார்ட?" இன்னொராள், "எங்கட உம்மாவும் இப்பிடித்தான் செல்லிச் செல்லிப் போடுவா." இது வேற ஆள். "போத்தலில தனம் எண்டு கிடக்கு, பிஸ்மி சொல்லுறது ஆரப்பா?" இப்பிடியே போகுது.

— என்னா சொல்றது?

— பிஸ்மி. சத்தத்தைக் கூட்டுறன், நீங்களே கேளுங்கோ. இந்தா, வினாகிரி ஊத்தேக்க. கேட்டதோ? மெல்லிசாத்தான் கேக்குது, "பிஸ்மில்லா" எண்டு. இப்ப கடுகு. திரும்பவும். ஒவ்வொரு சாமானும் போடேக்க ஒருக்கா.

— இத யாரு போடச் சொன்னா? இது எப்பிடி வெளிய போச்சு? எடுங்க, மொதல்ல அத எடுங்க.

— எடுத்தால் எடுத்ததையும் கதைப்பினம். அங்கிள், எனக்கு ரெண்டு வழி தெரியுது. ஒண்டு, அந்தச் சத்தத்தை வெட்டிப்போட்டு ஒரு பாட்டைப் போடுறது. மற்றது, அந்தக் குரல் ஆரின்ரயோ அவவை முன்னுக்குக் கொண்டுவாறது. என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான். ஆனா முதல்ல எனக்கு உண்மை தெரிய வேணும். பொய்க் கதை ஒண்டைப் போட்டு, பிறகு சனம் கண்டுபிடிச்சால், உங்கட பேரும் நாறும், எங்கட பேரும் நாறும்.

— மஸீனா. வாயத் தொறந்து சொல்லுங்க. இது ஒங்க குரல்தானே?

— மகள், அத இன்னொரு தரம் போடுங்க.

— இந்தாங்கோ அன்ரி. காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ.

— இன்னும் ஒரு தரம்.

— என்னா இன்னும் ஒரு தரம்? ஒங்க குரல் ஒங்களுக்கே தெரியலையா? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், மனசுக்குள்ள சொல்லுங்க, வெளிய கேக்க வேணாம்னு. விளங்குதுன்னு தலையாட்டுவீங்க. அடுத்த சட்டிக்குத் திரும்ப ஆரம்பிப்பீங்க.

— இது எந்த நாள் எடுத்தது மகள்?

— தெரியேல்லை அன்ரி. தினுஷன் போன கிழமை அனுப்பினவர், அவ்வளவுதான் தெரியும்.

— ம்.

— ம்னா என்னா அர்த்தம்?

— நான்தான் அண்ணன். என்ட கொரல்தான். பாலாம்பிகை அக்காவுக்குப் பக்கத்துல நிண்ட நேரம் வாயில வந்திருக்கும்.

— ஏழு வருசம் நான் கட்டிக் காத்தத, ரெண்டு நிமிசத்துல ஒடச்சிட்டீங்களே.

— அங்கிள், ஏன் அவவைப் பேசுறியள்? அன்ரி, நான் ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. இந்த அச்சாறு ஆரின்ர?

— அவங்களை ஏன் கேக்குறீங்க? என்னையக் கேளுங்க. எங்க அம்மா...

— அங்கிள், நான் அன்ரியைத்தான் கேட்டனான்.

— என்ட உம்மாட அச்சாறு, மகள். எங்கட கலியாண ஊடுகள்ல சஹன்ல சோறு வெப்பாங்க, ஒரு தட்டச் சுத்தி ஆறு பேர் ஒக்காந்து தின்னுவாங்க. அந்த நெய்ச்சோத்துக்கு உம்மா போட்டது. உம்மா மவுத்தாப் போன பொறகு நான் போடுறேன். ஊத்தக்குள்ள, போடக்குள்ள பிஸ்மி செல்றதும் உம்மா பழக்கினதுதான். அது இல்லாம எனக்குக் கை ஓடாது.

— கடவுளே. அங்கிள், இவ்வளவு நல்ல கதையை வச்சுக்கொண்டே எனக்குப் பட்டுச் சேலைக் கதை எழுதித் தந்தனீங்கள்? அன்ரி, தமிழ்ப் பேர் போட்ட போத்தலில ஏன் உங்கட அச்சாறு வந்தது?

— கஷ்ட காலம் மகள். கடைகள்ல என்ட பேரு ஓடல்ல. அண்ணன் அவர்ட பேரத் தந்தாரு.

— அதுக்கு முந்தி உங்கட வீட்டில ஏதும் நடந்ததோ? கலவரத்தில?

— எங்கட நானாட கடை எரிஞ்சிது.

— படம் இருக்கோ? எரிஞ்ச கடையின்ர படம்? நீங்கள் அதுக்கு முன்னால நிண்டு சொன்னால், சும்மா ரெண்டு வசனம், அழுகை வந்தாலும் வரட்டும், நாங்கள் வெட்ட மாட்டம். லண்டனில, ரொறன்ரோவில இருக்கிற சனம் எல்லாம் அனுப்பி அனுப்பிப் பாக்கும். எங்கட சனத்துக்கு எரிஞ்ச கடை எண்டால் என்னெண்டு சொல்லித் தர வேண்டியதில்லை.

— வேணாம் மகள்.

— ஏன்? நீங்கள்தானே உங்கட பேர் வேணும் எண்டு...

— பேரு வேணும். அத நான் செஞ்சதுக்குக் கேக்குறேன். நானாட கடை எரிஞ்சதுக்கும் அச்சாறுக்கும் என்ன? அத நான் போத்தல்ல போட்டு விக்க மாட்டேன். பாவம் எண்டு வாங்குறவங்க ஒரு போத்தல் வாங்குவாங்க, ருசி புடிச்சவங்கதான் திரும்ப வருவாங்க. நீங்க ருசியக் காட்டுங்க.

— அன்ரி, நான் கூடாத எண்ணத்தில கேக்கேல்லை. சாவகச்சேரியில சண்டைக்குள்ள எங்கட வீடும்தான் இல்லாமப் போனது.

— அப்ப ஒங்களுக்கு வெளங்கும்.

— விளங்குது. சரி, அதை விடுவம். பேரும் முகமும் போதும்.

— ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசலாமா? பேரும் கெடையாது, மொகமும் கெடையாது.

— அங்கிள்...

— நீங்க சின்னப் பொண்ணு. வீடியோ எடுத்துக் குடுத்துட்டுக் கொழும்புக்குப் போயிருவீங்க. இங்க கடைய நான்தான் தொறக்கணும். எண்பத்து மூனுல எங்க அப்பா கடைக்கு எப்பிடிக் கல்லு வந்துச்சு தெரியுமா? பேர்ப்பலகையைப் பாத்துத்தான் வந்துச்சு. பக்கத்துக் கடை தப்பிச்சுது, நம்ம கடை போச்சு. அப்பா பொறகு சாகிற வரைக்கும் பலகையே மாட்டல. ஒரு பேரு என்னா செய்யும்னு எனக்கு யாரும் படிச்சுக் குடுக்க வேணாம். எங்க அம்மா பேர நான் ஒட்டுனதே பயந்து பயந்துதான். இப்ப அதுக்குக் கீழ இன்னொரு பேரையும் ஒட்டி, ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கவா?

— நீங்கள் பயப்பிடுறது பிழையெண்டு நான் சொல்லேல்லை அங்கிள். ஆனா அந்த வீடியோவைப் பாத்த ஆக்கள் ஒருத்தரும் கல்லெறியேல்லை. "எங்கட உம்மா" எண்டுதானே எழுதியிருக்கினம்.

— எழுதுறவன் எழுதுவான். எறியிறவன் எழுதிட்டா வருவான்? அப்பறம் எங்க ஆளுங்க. நான் கோயில் சபையில இருக்கிறவன். என் பொண்டாட்டி வளையல் கையால கிண்டுறா, பின்னால இந்தச் சொல்லு கேக்குதுன்னா, நாளைக்குச் சபையில என்னைய நிக்க வச்சுக் கேப்பானுங்க. எங்க அண்ணன் வீட்டுல ஏற்கெனவே பாலாம்பிகையப் பத்திப் பேச்சு. எந்நேரமும் அந்த மடவளைப் பொம்பளையோடயே இவ இருக்கான்னு. இப்ப இது வேற.

— அக்காவ இதுல இழுக்காதீங்க அண்ணன். அதான் நான் எண்டு செல்லிட்டேனே.

— சொல்லிட்டீங்க. அதனாலதான் நானும் ஒரு முடிவு சொல்றேன். கோவத்துல சொல்லல. நாளையில இருந்து நீங்க வர வேணாம்.

— அங்கிள், என்ன கதை இது?

— குறுக்க பேசாதீங்க. பாலாம்பிகைக்குப் பக்குவம் எல்லாம் தெரியும். ஏழு வருசமாப் பக்கத்துல நின்னிருக்கா. நோன்பு மாசத்துல இவங்க நாக்குல வைக்க மாட்டாங்க, உப்புப் பாக்கறது அவதான், புளிப்புப் பாக்கறதும் அவதான். இனிமே அவளே போடட்டும். அப்ப யாரு போட்டான்னு யாரும் கேக்கத் தேவையில்ல. எங்க வீட்டு அச்சாறு, எங்க வீட்டு ஆளு. பொய்யும் இல்ல.

— என்ட உம்மாட அச்சாற எடுத்துக்கிட்டு என்னய அனுப்புறீங்க.

— ஒங்களுக்கு நான் கொறை வைக்க மாட்டேன். என்னா வேணும்னு சொல்லுங்க, செய்றேன்.

— நான் கேட்டது ஒண்டுதான். அது ஒங்களுக்கு ஏலாது.

— மஸீனா, என்னைய வில்லனாக்காதீங்க. எனக்கு மட்டும் மனசு இல்லையா?

— ஈக்கிது அண்ணன். அதான் எனக்குப் பெரிய வயித்தெரிச்சலா ஈக்கிது. கெட்டவர் எண்டா ஏசிட்டுப் போயிருப்பேன். சரி. அக்கா போடட்டும். நல்லாப் போடுவாங்க. என்ட மகள் போடுறத விட நல்லாப் போடுவாங்க. அந்தக் கூடைய இப்பிடித் தாங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது.

— அன்ரி, போகாதையுங்கோ. அங்கிள், நான் இதுக்கு உடந்தையா நிக்க மாட்டன். எனக்கும் மேல பதில் சொல்ல ஆக்கள் இருக்கினம்.

— ஒங்களுக்கு வேண்டியது வீடியோ. கெடைக்கும். கேமராவ மாட்டச் சொல்லுங்க. பாலாம்பிகை வந்து நிப்பா, ஒங்களுக்கு எத்தனை வாட்டி வேணுமோ கிண்டுவா. ஒரு சத்தமும் வராது.

— சத்தம் வராமல் என்னெண்டு? கதைக்கத்தானே வேணும். அவவின்ர குரலையே நான் இன்னும் கேக்கேல்லை. கெமராவுக்கு முன்னால கதைப்பாவோ தெரியேல்லை. இன்னும் வரவும் இல்லை. ஒருக்கா கோல் எடுத்து ஸ்பீக்கரில போடுங்கோ.

— போடுறேன். கேளுங்க, எவ்வளவு தெளிவாப் பேசுவான்னு. ஆ, பாலாம்பிகை, எங்க இருக்க? வெளிக்கிட்டியா?

— சேலை கட்டிட்டுத்தாங்க உக்காந்திருக்கேன். வரலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்.

— யோசிக்கிறியா? இங்க லைட் எல்லாம் போட்டாச்சு.

— மஸீனா வந்துட்டாங்களா? அவங்களைப் பின்பக்கம் உக்கார வச்சிட்டு நான் எப்பிடிங்க அடுப்புக்கிட்ட நிக்கிறது? ராத்திரியெல்லாம் எனக்கு அதே நெனப்பு.

— அதுக்கு இனி வேலை இல்ல. மஸீனாவ நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிட்டேன்.

— என்னாங்க சொல்றீங்க?

— தினுஷன் எடுத்த வீடியோவுல அவங்க குரல் விழுந்து, ஊரே சிரிக்குது. சாமான் போடப் போட பிஸ்மில்லா, பிஸ்மில்லான்னு. ஒன் கை தெரியுது, அவங்க சத்தம் கேக்குது. அத வெட்டிட்டு, இனிமே நீயே எல்லாத்தையும் போடு. வா.

— அது தன் குரல்னு மஸீனா சொன்னாங்களா?

— அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. இந்தப் பொண்ணும் கேட்டுச்சு.

— ஓம் அன்ரி, சொன்னவா. ரெண்டு மூண்டு தரம் போட்டுக் கேட்டிட்டுத்தான் சொன்னவா.

— மஸீனா பக்கத்துல இருக்காங்களா?

— ஈக்கிறேன் அக்கா. விடுங்க. போன வைங்க. எனக்கு ஒரு கோவமும் இல்ல.

— நீங்க சும்மா இருங்க மஸீனா. எனக்காக நீங்க ஏன் பேச்சு வாங்கணும்? ஏங்க, ஒங்களுக்கும் சொல்றேன், அந்தப் பொண்ணும் கேக்கட்டும். தினுஷன் அந்த வீடியோ எடுத்தது நோன்புப் பெருநாள் அன்னிக்கு. மஸீனா மடவளையில புள்ளைங்களோட இருந்தாங்க, குசினியில நான் ஒருத்திதான் நின்னேன்.